மறுபடியும் தகரம்

அத்தியாயம் 11

பால் தீய்ந்துகொண்டிருந்தது.

துர்கா கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாற்றம் அங்கேயே வந்துவிட்டது. ஈரக் கையோடு ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தின் அடி கறுத்துப் போயிருந்தது.

அடுப்புக்கு நாலடி தள்ளி, சமையலறைப் படியில் உட்கார்ந்து மாமனார் தெய்வசிகாமணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பால் தீயற வாசனை வரலியா உங்களுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் புகை கண்ணில் பட்டது போலிருந்தது.

"கவனிக்கலம்மா. பேப்பர்ல இருந்துட்டேன்."

துர்கா பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அஞ்சு மாதமாக, காலையில் அறுபது வீடு, சாயந்திரம் அறுபது வீடு என்று ஏறி இறங்கி அவள் கேட்கும் கேள்வி அதுதான். காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா? வாசனை தெரியுதா? ஆஷா பணியாளர் என்று கழுத்தில் அட்டை போட்டுக்கொண்டு ஊரைக் கேட்டவள், சொந்த வீட்டில் கேட்கவில்லை.

ரெண்டு நாளாக அவர் குளிக்கும்போது குழாயை முழுசாகத் திறந்துவிடுவதும் ஞாபகம் வந்தது. தண்ணீரை வீணாக்கும் மனிதரில்லை அவர். அந்தச் சத்தத்துக்கு அடியில் எதை மறைத்தார் என்று இப்போது புரிந்தது.

"கையைக் குடுங்க மாமா."

"எதுக்கு?"

"குடுங்க."

பையிலிருந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். எண்கள் ஓடின, நின்றன.

எண்பத்தொன்பது.

வேறு விரலில் மாட்டினாள். எண்பத்தெட்டு. தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு.

"மில்லுல நூல் அறுத்துக் காய்ச்சுப் போன விரலு. அதுக்குப் புரியாது" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது.

*

அந்த வீட்டுக்கு இது எப்பேர்ப்பட்ட நேரம் என்பது இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி.

முத்தியால்பேட்டையின் அந்தத் தெருவை இருபத்தெட்டு நாள் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். எதிர்வீட்டுச் சுமலதாவின் அம்மாவுக்குக் கொரோனா தொற்று என்று எழுதிக் கொடுத்தது துர்காதான். "எழுதாதக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று சுமலதா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். துர்கா எழுதினாள். ஆஸ்பத்திரிக்குப் போன அந்தம்மா திரும்பி வரவில்லை. முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

துர்காவின் கணவன் அருள்முருகன் அதே தெருவில் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். தகரத்துக்கு உள்ளே ஷெட், வெளியே வாடிக்கையாளர்கள். பொதுமுடக்கத்தில் போன மாதங்கள் போக, இது வேறு. மகள் சுடர்விழியைத் தவளக்குப்பத்தில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஷெட்டில் தனியாக உட்கார்ந்து துருப்பிடிக்கும் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருபத்தோராவது நாள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

"எழுபது தாண்டினவங்க எல்லாம் நல்லா வாழ்ந்து முடிச்சவங்க. அவங்களை வேணா உள்ள வெச்சுப் பூட்டுங்க. எங்களை விடுங்க. பத்துக் கிழத்தோட உசுருக்காக இருநூறு பேர் வயித்துல ஈரத்துணி கட்டணுமா?"

நாற்பத்தி மூணு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தார்கள்.

அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்தான், அவர் காதுக்குப் போகாது என்பது மட்டும் அருளுக்கு ஆறுதல். தகரத்தைப் பிரித்து இன்றைக்கு ஆறாவது நாள். ஷெட்டில் நாலு வண்டி நிற்கிறது.

*

"நீ ஒன்னும் எழுதாத" என்றார் தெய்வசிகாமணி.

துர்கா மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டு தள்ளி நின்றிருந்தாள்.

"மாமா, இது தொண்ணூறுக்குக் கீழ இருக்கு. வீட்ல வெச்சுப் பார்க்கற விஷயம் இல்ல."

"ரெண்டு நாள் பொறு. தன்னால ஏறும். இல்லன்னாலும்..." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கு எழுபத்து மூணும்மா. உங்க மாமி போயி ஒம்பது வருஷம் ஆச்சு. இன்னும் என்னா இருக்கு எனக்கு? அவன் ஷெட்டைத் தொறந்து ஆறு நாள்தான் ஆவுது. திரும்ப அடைச்சான்னா எழுந்துக்கவே மாட்டான்."

"அதுக்கு?"

"அவன் சொன்னதுல தப்பு ஒன்னும் இல்ல. யோசிச்சுப் பார்த்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கான்."

துர்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"யாரு... என்னா சொன்னது?"

"பால் பூத்துல போட்டுக் காட்டினாங்க. உன் பையன் குரல்தானே பெருசுன்னு கேட்டாங்க. ஆமாம்னேன்." அவர் பேப்பரை மடித்து வைத்தார். "கோவப்பட்டுப் பேசினான். ஆனா விஷயம் விஷயந்தானே."

எத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னார்? மகனுக்கு முதலில் போடச் சொன்னார்?

"மாமா," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "சுமலதா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அவ அம்மா பேரை நான் எழுதினேன். இன்னைக்கு உங்க பேரை எழுதாம விட்டேன்னா நான் இந்தத் தெருவுல எப்படி நடக்கறது? உங்களுக்கு ஒரு நியாயம், அவங்க அம்மாவுக்கு ஒரு நியாயமா?"

அவர் மடித்த பேப்பரையே மறுபடி மடித்தார்.

"அது மட்டும் இல்ல. நீங்க எங்களுக்கு வேணும். அதை யாரும் உங்ககிட்ட சொல்லல. நான் சொல்றேன், கேட்டுக்குங்க."

நோட்டை எடுத்துத் தொடையில் வைத்தாள். தெரு, வீட்டு எண், பெயர். பேனா 'தெய்வ' என்பதோடு நின்றது. சுமலதாவின் அம்மா ஆம்புலன்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்த பார்வை வந்து நின்றது. எழுதினால் காப்பாற்றிவிடுவார்கள் என்று யார் உறுதி சொன்னது? அந்தம்மாவுக்குச் சொன்னார்களா?

மிச்சத்தையும் எழுதினாள்.

*

அருள்முருகன் கையில் கிரீஸோடு வந்தான். துர்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

"மாஸ்க் போடுங்க. மாமாவுக்கு மூச்சு சரியில்ல. காய்ச்சலும் இருக்கு."

அவன் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "இன்னைக்கா?"

வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. துர்கா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் ரூமுக்கு போன் பண்ணி வண்டி கேளுங்க. நான் எங்க டாக்டரம்மாவுக்குச் சொல்றேன்" என்று நம்பரைக் கொடுத்து உள்ளே போனாள்.

அருள் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றியிருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. எழுபத்து மூணு வயதிலும் சைக்கிள் மிதிக்கிற மனிதர். அவரை அப்படி அவன் பார்த்ததில்லை.

லைன் கிடைக்க எட்டு நிமிஷம் ஆனது. ஒரு பெண் குரல். சோர்ந்திருந்தது.

"பேஷன்ட் பேரு?"

"தெய்வசிகாமணி."

"என்ன தொந்தரவு?"

"காய்ச்சல், இருமல். மூச்சு கொஞ்சம் வாங்குது."

"வயசு?"

சாதாரணக் கேள்வி. எல்லோரிடமும் கேட்பது. ஊரெங்கும் பெட் இல்லை என்கிறார்கள். ஒரு பெட்டுக்கு ரெண்டு பேர் வந்தால் யாருக்குக் கொடுப்பார்கள்? அவனாக இருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பான்? அதைத்தான் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டானே.

"சார், வயசு?"

"அம்பத்தெட்டு" என்றான்.

"டெஸ்ட் எடுத்தாச்சா?"

"இல்ல."

"சரி சார். அறுபதுக்குக் கீழ, டெஸ்ட் எடுக்கல. கோவிட் சென்டருக்குத்தான் முதல்ல கூட்டிட்டுப் போவாங்க. அங்க டெஸ்ட் எடுத்துட்டுப் பார்ப்பாங்க. வண்டி ரெண்டு மணிக்கு மேலதான் வரும்."

பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டது போல அவனுக்கு மூச்சு வந்தது. உள்ளே குரல் கொடுத்தான். "சொல்லிட்டேன் துர்கா. ரெண்டு மணிக்கு வருது. சென்டருக்கு."

துர்கா வெளியே வந்தாள். "எந்த சென்டர்?"

"கோவிட் சென்டருன்னாங்க."

"அது காலேஜ் ஹாஸ்டல்ங்க. கட்டிலும் கபசுரக் குடிநீரும்தான் இருக்கும். ஆக்ஸிஜன் கிடையாது. அறுபது தாண்டினவங்களை அங்க வைக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு எங்களுக்கு வகுப்பே எடுத்தாங்க. இவருக்கு எப்படி..." நிறுத்தினாள். "என்னா வயசு சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என்னா வயசுன்னு சொன்னீங்க?"

"அம்பத்தெட்டு."

"ஏன்?"

"எழுபத்து மூணுன்னா விட்டுருவாங்கன்னு..." அவனால் முடிக்க முடியவில்லை. "நானே அப்படித்தானே பேசினேன் துர்கா. எல்லாரும் அப்படித்தானே யோசிப்பாங்க."

துர்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். சொல்லிவிட்டாள்.

"அவரு கேட்டுட்டாருங்க. பால் பூத்துல போட்டுக் காட்டியிருக்காங்க. நீங்க சொன்னது சரின்னு சொல்லிக்கிட்டு, வியாதியை மூடி மறைச்சு உள்ள உக்காந்திருக்காரு. எண்பத்தெட்டு காட்டுது. எண்பத்தெட்டுன்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

அருள் சுவரைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் கை சுவரில் பதிந்தது.

பிறகு போனை எடுத்தான். பிஸி. மறுபடி. பிஸி. துர்கா கையை நீட்டினாள், நான் பேசறேன் என்று. அவன் கொடுக்கவில்லை. பதினோராவது தடவை அதே குரல் வந்தது.

"மேடம், கொஞ்ச நேரம் முன்னாடி பேசினேன். முத்தியால்பேட்டை. தெய்வசிகாமணி. நான் பொய் சொல்லிட்டேன். எங்க அப்பாவுக்கு எழுபத்து மூணு வயசு."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"ஏன் சார் மாத்திச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

"ஆக்ஸிஜன் பார்த்தீங்களா?"

"எண்பத்தெட்டு."

"அதை முதல்ல சொல்றதில்லையா சார்!" சோர்வு போய்க் குரலில் கோபம் ஏறியது. கோபமாகத் திட்டுகிற அந்தக் குரல் அருளுக்குத் தெய்வம் பேசுவது போலிருந்தது. "வண்டியைத் திருப்பி விடறேன். இருபது நிமிஷம். அவரைக் குப்புறப் படுக்க வைங்க. போனை ஃப்ரீயா வெச்சிருங்க."

*

ஆம்புலன்ஸ் சத்தம் போடாமல்தான் வந்தது. ஆனாலும் தெருவின் எல்லா ஜன்னலும் திறந்தன. எல்லா ஜன்னலும் மூடின. மூடும் சத்தத்தில் இருந்த கசப்பு துர்காவுக்குப் புரிந்தது. திரும்ப இருபத்தெட்டு நாள்.

எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறந்தபடி இருந்தது. சுமலதா மாஸ்க் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று துர்கா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, தண்ணி பாட்டில் ரெண்டு குடுத்து அனுப்புங்க. கையெட்டற மாதிரி வைக்கச் சொல்லுங்க" என்றாள் சுமலதா. "அங்க கூப்பிட்டா ஆள் வர நேரமாவும். எங்க அம்மா போன்ல அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

துர்கா தலையாட்டினாள். ஓடிப்போய் பாட்டில்களை நிரப்பினாள்.

தெய்வசிகாமணி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தானாகவே நடந்து வந்தார். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்றார். அருள் பிடிக்கப் போனான். பாதுகாப்பு உடை போட்டிருந்தவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அப்பா" என்றான் அருள், அங்கிருந்தே. "நான் அன்னைக்குப் பேசினது..."

"ஷெட்டைப் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்பா."

"வெளியில வண்டி ஏதாவது நிக்குதா?"

"ஒன்னு நிக்குது."

"உள்ள தள்ளி வை. அடுத்தவன் வண்டி. மழை வர்ற மாதிரி இருக்கு."

அவ்வளவுதான் பேசினார். ஏறி உட்கார்ந்ததும் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டினார்கள். கதவு சாத்தும்வரை அவர் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அருளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டி போன பிறகு, துர்கா உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்து "ஐயோ" என்றாள். சார்ஜரில் செருகியபடி அவருடைய பட்டன் போன் அங்கேயே இருந்தது.

*

மூணு மணிக்கு சுகாதார ஆய்வாளர் பிரேம்குமார் வந்தார். பின்னாலேயே மினி லாரியில் சவுக்குக் கம்பும் தகரமும் வந்தன.

போன தடவை அந்தத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு பிரேம்குமாரோடு மல்லுக்கு நின்றவன் அருள். இந்தத் தடவை வாசலைவிட்டு இறங்கவில்லை. தெருமுனையில் ஆணி அறையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி நின்ற பிரேம்குமாரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னான்.

"ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. டெஸ்ட் பாசிட்டிவ். ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க, இப்ப தொண்ணூத்தி மூணு. நாளைக்குக் காலையில பார்த்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொன்னார்" என்றார் பிரேம்குமார். "நீங்க ரெண்டு பேரும் பதினாலு நாள் வாசல் தாண்டக் கூடாது. துர்காம்மா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அருள், உங்க அப்பா வேற யாரைப் பார்த்தாரு?"

"எங்கயும் போகலியே சார். பால் பூத்து, அவ்ளோதான்."

"அட்மிஷன்ல அவரே சொல்லியிருக்காரு. கனகசெட்டிக்குளத்துல செம்மல்னு ஒருத்தர். தகரத்தைப் பிரிச்சதுமே மூணு நாள் சைக்கிள்ல போயிருக்காரு."

அருளும் துர்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்மல், மில்லில் அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். மனைவி இறந்துவிட்டாள். மகள் பிரான்ஸில் இருக்கிறாள். தனி ஆள். கல்யாணம் காட்சியில் பார்த்ததோடு சரி. அவரைப் பார்க்க, இந்த வெயிலில், பிள்ளைச்சாவடியைத் தாண்டி அவ்வளவு தூரம் எதற்காக மிதித்தார்?

"அவருக்கும் வயசாயிருக்கும். நம்பர் இருக்கா?"

துர்கா ஜன்னலில் இருந்த போனை எடுத்துக் கொடுத்தாள். அருள் தேடினான். பெயர்கள் பத்துகூட இல்லை. செம்மல் என்பது மேலேயே இருந்தது.

அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

"நான் ஒரு எட்டு போயி..." என்று எழுந்தவன், துர்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவன் உடம்பில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைக் கொண்டுபோய்த் தனியாக இருக்கும் பெரியவர் வீட்டு வாசலில் நிறுத்துவதா?

ஏழாவது தடவை எடுத்தார்கள்.

"சிகாமணி..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "எங்கடா, மூணு நாளா ஆளைக் காணோம்? பின்பக்க ரூமைக் கழுவி விட்டுட்டேன். கட்டிலும் போட்டாச்சு. எப்ப வர்ற?"

அருள் போனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"பையன்கிட்ட சண்டை கிண்டை போட்டுக்கிட்டு வராத. கொஞ்ச நாள் கடல் காத்து வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பு. அவன் வீடு, அவன் தொழிலு, அவன் நல்லா இருக்கட்டும். நம்ம ரெண்டு பேரும்..."

இருமல் வந்தது. நிற்கவில்லை. போனுக்கு வெளியிலும் கேட்டது. பிரேம்குமார் தன் போனை எடுத்து அவசரமாக ஆம்புலன்ஸ் நம்பரைப் போட்டார். துர்கா கையால் சைகை காட்டினாள், பேச்சை விடாதீங்க என்று.

"மாமா" என்றான் அருள். "நான் சிகாமணி பையன். அருளு. அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. சின்னச் சின்ன மூச்சு.

"எப்படி இருக்கான்?"

"பார்க்கறாங்க மாமா. உங்களுக்குக் காய்ச்சல் எத்தனை நாளா?"

"எனக்கென்னப்பா. வயசான கட்டை. என்னை விடு."

"விட மாட்டேன்" என்றான் அருள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "வண்டி வருது மாமா. அதுவரைக்கும் போனை வைக்கக் கூடாது. எதையாவது பேசிக்கிட்டே இருங்க. அந்த ரூமு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க."

"ரூமா..." மூச்சு இழுத்தது. "கடல் பக்கம்."

"ஜன்னல் இருக்கா?"

பதில் வரவில்லை. எங்கோ ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"மாமா? ஜன்னல் இருக்கா மாமா?"